‘வன்னிபம்’ எங்கிருந்து வந்தது? கோயில் மலர் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

சல்லி,
திருகோணமலை.

திருகோணமலைப் பட்டணம், தம்பலகாமம், கொட்டியாரம், கட்டுக்குளம் என்று நாலு பற்றிலும் கும்பாபிஷேக மலரும் ஊர் வரலாறும் எழுதிக்கொண்டிருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

‘வன்னிபம்’ என்ற பட்டச் சொல்லுக்கு இந்த மாவட்டத்தில் இன்னும் எத்தனை பிறப்புக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள்? முகத்துக்கு நேரே கேட்கிறேனென்று கோபிக்க வேண்டாம். உங்களுடைய மலர்களைக் காசு கொடுத்து வாங்கி, அட்டையிலிருந்து அன்பளிப்புச் செய்தோர் பட்டியல் வரை வாசிக்கிறவள் நான். வாசிக்கிறவளுக்குக் கேட்க உரிமையுண்டு.

ஒரு மலரில் வன்னி என்றால் நெருப்பு. ‘வஹ்னி’ என்ற வடசொல்லில் இருந்து வந்தது. ஆகவே நாங்கள் அக்கினி குலம் என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த ஊர் மலரில் வன்னி என்றால் வனம். ஆகவே காட்டை வெட்டிக் குளம் கட்டியவர்கள் நாங்கள். இன்னொன்றில் வன்மை, ஆகவே வீரர் பரம்பரை. வன்னி மரத்தில் வில்லை ஒளித்த பாண்டவர் கதையையும் ஒருவர் விடவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் சிங்களச் சகோதரர் தங்கள் நூல்களில் அதே ‘வன’த்தைப் பிடித்துக்கொண்டு வேறொரு ‘ஆகவே’க்குப் போகிறார்கள். நெருப்பும் காடும் வலிமையும் மரமும் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அந்த ‘ஆகவே’தான் தொந்தரவு. ஆகவே முதற் காளாஞ்சி எங்களுக்கு. ஆகவே அந்த வயல் எங்களுக்கு. ஆகவே மற்றவன் பிறகு வந்தவன். ஒரு சொல்லைப் பிளந்து பார்த்து அதற்குள்ளிருந்து காணி உறுதி எடுக்கிற வித்தையை எங்கே படித்தீர்கள்?

நீங்கள் எல்லாரும் முதற் பக்கத்தில் சாட்சிக்கு அழைக்கிற கோணேசர் கல்வெட்டையே எடுப்போம். பெயர்தான் கல்வெட்டு, கல்லில் இருந்ததல்ல, ஏட்டில் இருந்தது. பாட்டும் உரைநடையுமாகக் கவிராச வரோதயர் பெயரில் வழங்குகிறது. குளக்கோட்டன் கோணேசர் கோயில் திருப்பணி செய்து, கந்தளாய்க் குளம் கட்டி, மருங்கூரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் குடிகளைக் கொண்டுவந்து தானத்தார், வரிப்பத்தார் என்று தொழும்பு பிரித்துக் கொடுத்தான் என்கிறது அது. அதற்குப் பிறகுதான் மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலனை அழைத்துத் திருகோணமலை வன்னிமையாக வைக்கிறான். பூபாலன் மதுரையிலிருந்து வந்தவர் என்பதை உங்களில் ஒருவரும் விட்டதில்லை. தடித்த எழுத்தில் போடுகிறீர்கள். அவரை எதற்காக அழைத்தார்கள் என்ற வரி மட்டும் எந்த மலரிலும் வருவதில்லை. இந்தக் குடிகளுக்குள் பிணக்கு வந்தால் தீர்க்க ஒரு ஆள் வேண்டும், அதற்காகத்தான். பிணக்குத் தீர்க்க வந்தவருடைய பட்டத்தைக் கொண்டு நீங்கள் பிணக்குத் தொடக்குகிறீர்கள். குளக்கோட்டன் இருந்தால் இன்னொரு பூபாலனுக்கு ஆள் அனுப்பியிருப்பான்.

அந்த நூலில் வன்னிமை, அதாவது நீங்கள் சொல்லும் வன்னிபம், ஒரு பொறுப்பு. தானத்தார் கோயிற் பண்டாரத்தைப் பார்க்க, வரிப்பத்தார் தொண்டு செய்ய, வன்னிமை நாட்டை நடத்துவது. எங்கள் பக்கத்துக்கு வெளியே போனாலும் இதேதான். 13ஆம் நூற்றாண்டில் தம்பதெனியாவிலிருந்து ஆண்ட இரண்டாம் பராக்கிரமபாகுவின் காலத்தைச் சொல்லும் சூளவம்சம் வன்னி அரசர்களைப் பற்றிப் பேசுகிறது. சிங்கள அரசன் அவர்களைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டதாகச் சொல்கிறது. தமிழகத்தில் பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் ‘வன்னிய நாயன்’ என்பது நடுநாட்டுச் சிற்றரசர் சிலருடைய பட்டம். கண்டி இராச்சியத்தில் நுவரகலாவியவை ஆண்ட சிங்களப் பெருங்குடியினருக்கு ‘வன்னி உன்னெஹே’ என்பது பட்டம். 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டுக் கண்டி நாட்டில் 19 வருஷத்துக்கு மேல் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ், தப்பியோடிய வழியில் தமிழ்ப் பகுதியை ஆண்டவனாகக் கயிலை வன்னியனைக் குறிக்கிறார். இத்தனைக்கும் பிறகு கிழக்கு மாகாணத்தில் ஆங்கிலேயர் பற்றுத் தலைமைக்காரருக்கு உத்தியோகப் பெயராகவே ‘வன்னியனார்’ என்பதை வைத்திருந்தார்கள். சிங்களவர், தமிழர், சோழர் காலத்துச் சிற்றரசர், ஆங்கிலேயருடைய சம்பளக்காரர் என்று இத்தனை பேர் தோளிலும் ஏறி இறங்கிய பட்டத்துக்கு ஒரே இரத்தம் எப்படி ஓடும்?

கலாநிதி கா. இந்திரபாலா 1970இல் இலங்கைத் தமிழ் வன்னிமைகளின் தோற்றம் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். பேராசிரியர் சி. பத்மநாதன் ‘வன்னியர்’ என்று தனி நூல் எழுதினார். இரண்டு பேரும் சொல்லின் வேரைத் தொட்டார்கள். தொட்டுவிட்டு, இந்த ஆட்கள் எப்போது தலையெடுத்தார்கள், யாருக்குத் திறை கொடுத்தார்கள், எந்தப் பற்றை எப்படி நடத்தினார்கள் என்பதற்குப் போய்விட்டார்கள். நீங்கள் வேரிலேயே நின்றுவிடுகிறீர்கள்.

இப்போது உங்களைக் கொஞ்சம் தூரத்துக்கு அழைத்துப் போகிறேன். எங்கள் சண்டையை எங்கள் முற்றத்திலேயே வைத்துப் பார்த்தால் கண் தெளியாது.

காஸ்பியன் கடலுக்கும் கருங்கடலுக்கும் நடுவே ஆர்மீனியா. 428இல் அங்கே அரச வமிசம் முடிந்த பிறகு பாரசீகர் தங்கள் ஆளுநர்களை வைத்தார்கள். அவர்களுக்கு ‘மர்ஸ்பான்’ என்று பெயர்; எல்லை காப்பவன் என்ற பாரசீகச் சொல். பிறகு அரபுக் கலீபாக்கள் வந்தார்கள். த்வின் நகரத்தில் அவர்களுடைய ஆளுநர் இருந்தார். அந்த அரபு ஆளுநரை ஆர்மீனிய வரலாற்றாசிரியர்கள் ‘ஒஸ்திகான்’ என்று எழுதினார்கள். கவனியுங்கள்: ஆள் அரபு, எழுதுகிறவர் ஆர்மீனியக் கிறிஸ்தவர், சொல்லோ இரண்டு பேருடையதும் இல்லை. நடுப் பாரசீகத்தில் உறுதியானவன், நம்பத்தக்கவன் என்ற பொருளில் இருந்த சொல் அது. அரபு ஆளுநர் அதனால் பாரசீகர் ஆகிவிட்டாரா? வரி தாங்காமல் கிளர்ந்தெழுந்த ஆர்மீனியனுக்கு அந்த ஆளுநர் நம்பத்தக்கவராகிவிட்டாரா? இன்றைக்கு யெரெவான் தெருவில் நிற்கும் சாதாரணப் பொலிஸ்காரருக்கு அதே ‘ஒஸ்திகான்’தான் பெயர். ஒரு மாகாணத்தையே ஆண்ட பட்டம் சந்திக்குச் சந்தி விசில் ஊதுகிறது. அந்தப் பொலிஸ்காரர் எவரும் நான் ஆளுநர் பரம்பரை என்று மலர் போட்டதாகத் தெரியவில்லை.

அதே ஆர்மீனிய மொழிக்கு இன்னொரு கதை உண்டு. உங்களுக்கு இதுதான் முக்கியம். அதில் பாரசீகச் சொற்கள் ஏராளம். ஆட்சி, படை, பட்டம் என்று மேலிடத்துச் சொற்கள் பல அங்கிருந்து வந்தவை. இதைப் பார்த்து ஐரோப்பிய அறிஞர் பலர் ஆர்மீனிய மொழியே பாரசீகக் கிளைதான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். 1875இல் ஹைன்ரிக் ஹூப்ஷ்மன் என்ற ஜேர்மானியர் உட்கார்ந்து, வந்தேறிய சொல் எது, வீட்டுச் சொல் எது என்று பிரித்துப் பார்த்தார். வந்தேறியவற்றைத் தள்ளிவைத்த பிறகு, அடியில் தனித்து நிற்கிற ஒரு மொழி இருந்தது. பட்டங்களை இரவல் வாங்குகிறவன் தன்னை இரவல் கொடுத்துவிடுவதில்லை. ‘வன்னி’ வடசொல்லென்று நாளைக்கு ஒருவர் ஐயந்திரிபற நிறுவினாலும் இங்கே வாழ்ந்த தமிழருக்கு ஒரு முழம் மண்கூடக் குறையாது. தனித் தமிழ்ச் சொல்லென்று நிறுவினாலும் ஒரு முழம் கூடாது. இந்த ஒன்றை மனத்தில் இருத்தினால் உங்கள் மலர்களில் பாதிப் பக்கம் மிச்சமாகும்.

ஆர்மீனியர் எங்களுக்கு அவ்வளவு தூரத்து ஆட்களும் அல்லர். சென்னையில் அவர்களுடைய வணிகக் குடி ஒரு காலத்தில் பெரிது. உலகத்திலேயே முதலாவது ஆர்மீனியப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ 1794இல் அச்சானது அந்தச் சென்னையில்தான். அவர்களுடைய தேவாலயம் நிற்கும் ஆர்மீனியன் தெருவுக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? அரண்மனைக்காரன் தெரு. ஆர்மீனியன் என்பது வாயில் புரளாமல் அரண்மனைக்காரன் ஆகிவிட்டது. இனி உங்கள் முறைப்படி அந்தத் தெருவுக்கு ஒரு வரலாறு எழுதிப் பாருங்கள். அரண்மனை எங்கே இருந்தது, எந்த அரசன் கட்டினான், யார் இடித்தார்கள், அதில் குடியிருந்தவர்களின் பேரன்மார் இப்போது யார்! மூன்று பக்கம் தாராளமாக வரும். இல்லாத அரண்மனைக்கு வாரிசும் கிடைப்பார்.

எங்கள் ஊர்க் கல்லில் இருக்கிற சொல்லைப் பார்க்க வாருங்கள். திருகோணமலைக் கோட்டைக்குள்ளும், வடக்கே மானாங்கேணியிலும் கிடைத்த இரண்டு தமிழ்க் கல்வெட்டுகளைச் செ. குணசிங்கம் 1974இல் ஆராய்ந்து வெளியிட்டார். 11ஆம் நூற்றாண்டில் சோழர் சார்பாக இலங்கையை ஆண்ட ஒருவர் அவற்றில் வருகிறார்: சோழ இலங்கேஸ்வர தேவர். எங்கள் மாவட்டத்துக் கல்லில் நிற்கிற ஆளுநர் அவர். ஆளுநரின் செயலகம் இன்று திருகோணமலையில் இருக்கிறது என்று பெருமைப்படுகிற உங்களில் எத்தனை பேர் அவரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? அவருக்குப் பெயருக்கு முன்னால் ‘உடையார்’ என்ற அடைமொழி. சோழச் சக்கரவர்த்திகளுக்குப் போட்ட அதே ‘உடையார்’.

அந்த உடையார் பிறகு என்ன ஆனார் என்று உங்கள் பாட்டனாரைக் கேளுங்கள். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று ஆட்சி மாறிமாறி வந்து, உடையார் நாலைந்து ஊருக்கு மேலாளாகச் சுருங்கினார். காணி அலுவலுக்கும் வரி அலுவலுக்கும் சனம் அவருடைய திண்ணையில் காத்திருந்தது. அவருக்குக் கீழே விதானையார். விதானையாரும் 1963இல் போய்க் கிராம சேவகர் வந்தார். பற்று வன்னியனார் இருந்த கதிரையில் 1940களில் டீ.ஆர்.ஓ. என்ற காரியாதிகாரி வந்து உட்கார்ந்தார், இன்றைக்குப் பிரதேச செயலாளர். ராஜேந்திர சோழனுக்குச் சொன்ன சொல் ஊர்த் திண்ணை வரை இறங்கியிருக்கிறது என்றால், உடையார் என்று பெயருக்குப் பின்னால் போடுகிறவர் எல்லாம் சோழர் என்று எவராவது வாதாடுவாரா? மட்டக்களப்புப் பக்கம் கோயில் பொறுப்பாளருக்கு வண்ணக்கர் என்று பெயர். வண்ணக்கன் என்றால் பழந்தமிழில் நாணயம் உரசிப் பார்க்கிறவன். வண்ணக்கர் ஐயாவிடம் ஒருவரும் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து மாற்றுப் பார்க்கச் சொல்வதில்லை. உடையாருக்கும் வண்ணக்கருக்கும் இருக்கிற இந்தப் புத்தி வன்னியனாரிடம் வந்ததும் எங்கே போகிறது?

எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். தமிழகத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட மாவட்டத்து வன்னிய உழவர் சமூகம் ஒன்று, குடிசன மதிப்பில் தங்களைச் சத்திரியர் என்று பதியுங்கள் என்று கேட்டுப் போராடியது. அக்கினியில் பிறந்தோம் என்ற கதை அந்தப் போராட்டத்தில் அவர்களுக்குத் துணைநின்றது. கீழே தள்ளி வைக்கப்பட்டவர்கள் எழுந்து நிற்பதற்கு ஒரு கதை வேண்டியிருந்தது; அதில் நான் குறை காண மாட்டேன். நீங்கள் அந்தக் கதையை மட்டும் கப்பலேற்றிக் கொண்டுவந்து, இங்கே மற்றவனைக் கீழே தள்ளுவதற்குப் பாவிக்கிறீர்கள். அவர்கள் ஏறுவதற்கு வைத்த ஏணி அது.

உங்கள் பதிலும் எனக்குக் கேட்கிறது. ‘அக்கா, அவங்கள் எழுதுறாங்கள், நாங்கள் எழுதாமல் விட்டால் இருக்கிற காணியும் போயிடும்.’ இது வெறும் பயமென்று நான் தள்ளிவிட மாட்டேன். இந்த மாவட்டத்தில் காணி எல்லையும் கோயில் எல்லையும் எப்படியெல்லாம் நகர்ந்தன என்பதை இடம்பெயர்ந்து திரும்பி வந்த எல்லாரும் கண்டிருக்கிறோம். அதனால்தான் கேட்கிறேன்: காணி வழக்கில் நீதிபதி முன்னால் சொல்லாராய்ச்சி செல்லுமா? தொல்பொருள் திணைக்களத்தார் எல்லைக்கல் நட வரும்போது, வஹ்னியிலிருந்து வன்னி வந்தது என்ற பக்கத்தைக் காட்டினால் கல்லைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா? அங்கே நிற்பவை உறுதி, தோம்பு, நில அளவைப் படம், வரிப் பற்றுச்சீட்டு, கல்லில் வெட்டிய எழுத்து. பயப்படுகிறவன் முதலில் இவற்றைத்தான் சேர்ப்பான். நீங்கள் பயத்தை மலரில் எழுதுகிறீர்கள். கடதாசியைக் கரையானுக்கு விடுகிறீர்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் அயலில் ஒரு ஆச்சி. அவவுடைய பிறந்த இடம் கட்டுக்குளம் பற்று. தாய்வழியில் வந்த வயற்காணி உறுதி ஒன்றைப் பழைய சேலைத் துண்டில் சுற்றி வைத்திருந்தா. நாலாக மடித்த முத்திரைத்தாள், தேயிலைச் சாய நிறத்துக்கு வந்து, மடிப்பு வழியே கிழிந்து நாலு துண்டாகவே நின்றது. நொத்தாரிசுடைய சாய்ந்த கையெழுத்து. எல்லை சொல்லும் இடத்தில் கிழக்கே வாய்க்கால், தெற்கே கோயிற் காணி, மேற்கே காடு, வடக்கே ‘வன்னியனாருடைய காணி’. மடிப்பில் ஓட்டை விழுந்ததால் வன்னியனாரின் பெயர் போய்விட்டது. பட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது. நான் அதைத் துண்டு துண்டாக அடுக்கிப் படமெடுத்துக்கொண்டு, மலர் ஒன்று தயாரித்துக்கொண்டிருந்த குழுவிடம் போனேன். எந்த ஊர், எந்தக் கோயில் என்று சொல்லப் போவதில்லை. வன்னியனாருக்குக் கோயிற் காணிக்கு அருகே சொந்த நிலம் இருந்தது, அதற்கும் கோயிலுக்கும் நடுவே சாதாரணக் குடியானவள் ஒருத்தியின் வயல் இருந்தது, அதற்கு அவள் பேரில் உறுதி இருந்தது. மூன்று செய்தி ஒரு எல்லை வரியில். அவர்கள் மரியாதையாகத்தான் கேட்டார்கள். பிறகு, ‘அக்கா, வன்னியர் என்ற சொல்லுக்கே மூன்று பக்கம் போயிட்டுது, இடமில்லை’ என்றார்கள். மலர் வந்தது. நெருப்பு இருந்தது, வனம் இருந்தது, நடுப்பக்கத்தில் வண்ணத்தில் ஒரு வாளும் இருந்தது. ஆச்சியின் வாய்க்கால் இல்லை.

இப்படி இடமில்லாமல் போனவை எத்தனையோ. எங்கள் சல்லிக்கு அடுத்த நிலாவெளியில் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டு, கோணமலை ஈசனுடைய நித்திய பூசைக்கு 250 வேலி நிலம் விட்டதைச் சொல்கிறது. 250 வேலி என்றால் சின்ன நிலமா? அந்த நிலத்தின் எல்லைகள் இன்றைய எந்த ஊர், எந்தக் களப்பு, எந்த வெளி என்று நடந்து பார்த்து ஒரு பக்கம் எழுதிய மலர் என் கையில் கிடைக்கவில்லை. பன்குளத்துக்கும் கந்தளாய்க்கும் பக்கம் பலாமோட்டையில் நங்கைச்சானி என்ற பிராமணப் பெண், இறந்த கணவன் நினைவாகச் சிவன் கோயிலுக்குக் கொடை கொடுத்து, அதை வேளைக்காரப் படையின் காவலில் விட்டிருக்கிறாள். சிங்கள அரசன் முதலாம் விஜயபாகுவின் ஆட்சியாண்டு அதில் போட்டிருக்கிறது. கோயிலுக்கும் அவன் பெயரால் விஜயராஜ ஈஸ்வரம் என்று ஒரு பெயர். தமிழ்ப் பெண், சிவன் கோயில், பௌத்த அரசனின் பெயர், தமிழ்ப் படை. இந்த ஒரு கல்லை முழுசாக விளங்கிக்கொண்டவன் ‘ஆகவே’ என்று எழுதப் பேனை எடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கும். கொட்டியாரத்துக் கங்குவேலியில் வன்னியனாரும் ஏழூர் அடப்பர்மாரும் சேர்ந்து கோணநாதருக்கு விளைநில வருமானம் விட்ட செய்தி கல்லிலேயே நிற்கிறது. வன்னியனார் தனியாகக் கொடுக்கவில்லை, அடப்பர்மாரைக் கூட்டிக்கொண்டு கொடுத்தார் என்பது உங்கள் ‘நாங்களே முதல்’ வாதத்துக்கு இடைஞ்சல் என்பதால் விட்டீர்களோ, தெரியாமல் விட்டீர்களோ, நான் அறியேன். 1786இல் திருகோணமலையிலிருந்த ஒல்லாந்த அதிகாரி வான் செண்டன் இந்தப் பற்றுகளை ஊர் ஊராகச் சுற்றிக் குளம், வயல், குடி, பழங்கல் என்று நாட்குறிப்பு எழுதி வைத்தார். அன்னிய அதிகாரி, அவருக்கு வரியும் விளைச்சலும் முக்கியம்; ஆனாலும் எங்கள் ஊர்களை அவர் நடந்து பார்த்த அளவுக்கு எங்கள் மலர்க் குழுக்கள் நடக்கவில்லை. சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவசரமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2004 மார்கழி 26, ஞாயிறு, போயா தினத்துக் காலையில் கடல் வந்தபோது எங்கள் கரையோரத்தில் வீடுகளோடு தகரப்பெட்டிகளும் போயின. உயிர்களுக்கு முன்னால் கடதாசியைப் பற்றி அன்றைக்கு எவரும் அழவில்லை, அழுதிருக்கவும் கூடாது. பிறகுதான் காணிக் கச்சேரிக்கு ஏறி இறங்கும்போது தெரிந்தது என்னென்ன போயிற்று என்று. அதற்கு முன்னமே சண்டைக் காலத்தில் ஓடும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டு ஓடினோம். மிஞ்சியிருப்பவை இப்போது ஆச்சிமாருடைய சேலைத் துண்டுகளிலும், அண்ணாவிமாரின் கொப்பிகளிலும், கோயில் மடைப்பள்ளிப் பரணிலும் இருக்கின்றன. தானத்தார், வரிப்பத்தார், வன்னிபம் என்ற பெயர்களின் கீழ் எந்தத் திருவிழாவில் யார் எதைத் தூக்குவது, யாருக்கு எந்தக் கட்டி மோதகம் என்று வாயால் சொல்லத் தெரிந்த தலைமுறை, தம்பலகாமத்திலும் சரி பட்டணத்திலும் சரி, போய்க்கொண்டிருக்கிறது. சொல்லின் வேர் ஆயிரம் வருஷமாக இருந்த இடத்திலேயே இருக்கும், உங்கள் பேரப்பிள்ளைகளும் தோண்டலாம். ஆச்சி அப்படி இருக்க மாட்டா.

ஆகையால் கேட்கிறேன்.

அடுத்த மலரில் வன்னிபம் என்ற சொல்லுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். அந்த அரைப் பக்கத்தில் நெருப்பு என்பாரும் வனம் என்பாரும் வன்மை என்பாரும் இருக்கிறார்கள், இன்னின்ன ஆதாரம் என்று எல்லாவற்றையும் போடுங்கள். ‘ஆகவே’ மட்டும் போடாதீர்கள். சிங்கள நூல்களில் அந்தப் பட்டம் வருவதையும் அதே அரைப் பக்கத்தில் சொல்லுங்கள். சொன்னால் குறைந்துவிடுவோம் என்று நினைக்கிறவருக்கு நான் மேலே சொன்ன ஆர்மீனியக் கதையை வாசித்துக் காட்டுங்கள்.

மிச்சமான இரண்டரைப் பக்கத்துக்கு ஊருக்குள் போங்கள். வீட்டுக்கு ஒரு உறுதி கேளுங்கள். வாங்கிக்கொண்டு வராதீர்கள், அங்கேயே வைத்துப் படமெடுங்கள். காணிக்காரரின் பெயரை மறைக்கச் சொன்னால் மறைத்துவிடுங்கள்; எல்லை வரி போதும். வன்னியனார், உடையார், அடப்பனார், விதானையார் என்று பட்டம் வருகிற இடமெல்லாம் வருஷத்தோடும் ஊரோடும் ஒரு கொப்பியில் ஏற்றுங்கள். கோயிற் தொழும்பு தெரிந்த பெரியவர்களைக் கதைக்க விட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள்; அவர்கள் சொன்னது வேறு, நீங்கள் வாசித்தது வேறு, இரண்டையும் ஒரே வசனத்தில் குழைக்காதீர்கள். ஒருவர் சொன்னதற்கு எதிராக மற்றவர் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள், எது சரியென்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். முஸ்லிம் ஊர்களுக்கும் சிங்கள ஊர்களுக்கும் போங்கள். மூதூரிலும் கிண்ணியாவிலும் பழைய உறுதி வைத்திருக்கிற குடும்பங்கள் உண்டு. அவற்றின் எல்லை வரிகளிலும் இதே பட்டங்கள் இருக்கக் கூடும். போய்க் கேட்டால்தானே தெரியும்.

கல்வெட்டு எங்காவது கண்டால் அதன் மேல் பெயின்ட் பூசாதீர்கள், சுண்ணாம்பு தடவாதீர்கள், எழுத்துத் தெளிய வேண்டுமென்று ஆணியால் கீறாதீர்கள். கும்பாபிஷேகத்துக்குக் கோயிலைப் புதுக்கும்போது பழைய கற்படியை உடைத்து அத்திவாரத்துக்குள் போடுவதை மேசனிடம் முன்கூட்டியே தடுத்துச் சொல்லுங்கள். இந்த மாவட்டத்து எழுத்துக் கற்கள் பல படிக்கல்லாகவும் தூணாகவும்தான் கிடைத்தன. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படமெடுத்தால் வெட்டெழுத்து நிழல் விழுந்து தானாகத் தெரியும். அளவு தெரிய அருகே ஒரு அடிமட்டம் வையுங்கள்.

சேர்ந்ததை எல்லாம் மலர்க் குழுத் தலைவரின் கைபேசிக்குள் மட்டும் வைக்காதீர்கள். ஒரு படி திருகோணமலைப் பொது நூலகத்துக்கு, ஒரு படி கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்துக்கு, ஒரு படி நூலகம் நிறுவனத்துக்கு. ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் எல்லாரும் பார்க்க வைக்கிறவர்கள் அவர்கள். எங்கள் மாவட்டத்திலிருந்து போவதற்கு இன்னும் நிறைய இருக்கிறது.

சல்லியில் இந்த வேலைக்கு ஆள் வேண்டுமானால் நான் இருக்கிறேன். முத்துமாரியம்மன் கோயில் வீதியில் வந்து கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். ஆச்சியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்; அவவுக்குப் பின்னேரத்தில்தான் கண் தெளிவு, பின்னேரம் வாருங்கள். வரும்போது ஒரு நல்ல கமராவும், அந்த நாலு துண்டையும் அடுக்கி வைக்க அமிலமில்லாத தாளும் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
சல்லியிலிருந்து உங்கள் அக்கா ஒருத்தி